சீருடையும் ஆளுநர் கதிரையும்

விக்டர் பெரேரா என்ற பெயரை இரண்டு பெரிய செய்திகளில் நான் என் கையால் எழுதியிருக்கிறேன். அப்போது கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் செய்தி மேசையில் எனக்கு வேலை. முதல் செய்தி 2007 ஜூன் மாதத்தது. அவர் அப்போது நாட்டின் பொலிஸ்மா அதிபர். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். இரண்டாவது செய்தி அடுத்த வருடம், 2008 ஜூலையில் வந்தது. ஓய்வுபெற்ற பொலிஸ்மா அதிபர் விக்டர் பெரேரா வட மாகாண ஆளுநராக நியமனம்.

முதல் செய்தி எங்கள் முன்பக்கத்தை முழுதாகப் பிடித்தது. இரண்டாவது உள்ளே ஒரு பத்திக்குள் அடங்கியது. வன்னியில் யுத்தம் மூண்டிருந்த நாட்கள் அவை. நியமனச் செய்திகளை நின்று வாசிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தவர்கள் குறைவு. இன்று அப்படி வைத்து வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கொழும்பில் இருக்க உங்களுக்கு என்ன காரணம் என்று தமிழரைக் கேட்ட துறையின் தலைவர், ஒரு வருடம் கழிய, அந்தத் தமிழரின் சொந்த மாகாணத்துக்கே தலைமை தாங்க அனுப்பப்பட்டார். இடையில் ஒரு தேர்தல் இல்லை, ஒரு விசாரணை முடிவு இல்லை, அந்த மாகாணத்து மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

அந்த நாளைய வெள்ளவத்தையைத் தெரியாதவர்களுக்கு லொட்ஜ் என்றால் என்ன என்று விளங்காது. சுற்றுலாப் பயணி தங்கும் இடமல்ல அது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில், பழைய வீடுகளை ஹார்ட்போர்ட் தட்டியால் பிரித்துப் பிரித்து அறையாக்கியிருப்பார்கள். ஓர் அறைக்கு இரண்டு கட்டில், ஒரு ஃபான், சுவரில் முந்தி இருந்தவர் ஒட்டிவிட்டுப் போன பிள்ளையார் படம். குளியலறை பொது. மொட்டை மாடியில் கொடிக்கயிறு நிறைய உடுப்புக் காயும். கீழே ஒரு கொம்யூனிகேஷன், பக்கத்தில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டூடியோ, எதிரே சைவக் கடை. பின்னேரமானால் அந்தக் கொம்யூனிகேஷன் வாசலில் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரப்போகும் அழைப்புக்காகப் பெண்கள் குந்தியிருப்பார்கள்.

அவர்கள் ஏன் அங்கே வந்தார்கள் என்பதற்கு ஒவ்வொருவரிடமும் ஒரு ஃபைல் இருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, தூதரகக் கடிதம், வைத்தியசாலை அட்டை. மகனின் ஸ்பொன்சர் கேஸுக்காக வந்த தாய், மகரகமவில் புற்றுநோய்க்கு மருந்தெடுக்க வந்த தகப்பன், கலியாணம் எழுதி முடித்து விசாவுக்குக் காத்திருந்த பெண், மத்திய கிழக்கு வேலைக்கு ஏஜென்சியில் காசு கட்டிவிட்டு நின்ற பெடியன். கடவுச்சீட்டு எடுக்கவும் கொழும்பு, தூதரகம் போகவும் கொழும்பு. 2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 பாதை பூட்டப்பட்ட பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் கொழும்புக்கு வருவதென்றால் படையினரின் அனுமதி எடுத்து, கப்பலிலோ விமானத்திலோ இடம் கிடைக்கும்வரை காத்துக் கிடந்து வர வேண்டும். அத்தனை பாட்டுப்பட்டு வந்தவர்களைப் பார்த்துத்தான் காரணம் கேட்கப்பட்டது.

காரணத்தைப் பதிந்து வைக்க ஒரு கடதாசி இருந்தது. வீட்டுக்காரர் பெயர், தங்கியிருப்போர் பெயர், அடையாள அட்டை இலக்கம், நிரந்தர முகவரி, வந்த திகதி, வந்த நோக்கம். பொலிஸ் நிலையத்தில் முத்திரை குத்தித் தருவார்கள். அதைப் போட்டோக் கொப்பி எடுத்து, மூலப்பிரதியை லொட்ஜ்காரரிடமும் கொப்பியைத் தன் பேர்ஸிலும் வைத்திருப்பார்கள். கடைக்குப் பாண் வாங்கப் போகும்போதும் அது பையில் இருக்கும். நான் இருந்தது கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குக் கிட்ட ஓர் அறையில். என் கடதாசியும் அப்படித்தான் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, திரும்ப ஒட்டப்பட்டு இருந்தது. ஒருமுறை ஒரு நிலையத்தில் என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் கேட்டார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். நீங்கள் சொன்னதுதான் என்றார் எழுதிய இளைஞர். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. தமிழில் வாசிக்க அவருக்குத் தெரியாது, சிங்களத்தில் வாசிக்க எனக்குத் தெரியாது, எங்கள் இருவருக்கும் நடுவில் அந்தத் தாள்.

அடையாள அட்டையே போதும் ஆளைப் பிரித்தெடுக்க. வடக்குக் கிழக்கில் வழங்கப்பட்ட அட்டையில் தமிழ் எழுத்தும் இருக்கும், தெற்கில் வழங்கியதில் சிங்களம் மட்டும்தான். எல்லோருக்கும் இரு மொழியிலும் அட்டை என்பது 2014க்குப் பிறகு வந்த வழக்கம். பஸ்ஸை மறித்து இறக்கும்போது அட்டையைத் தூரத்தில் வைத்துப் பார்த்தாலே யார் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

பயம் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. 2006 டிசம்பரில் பாதுகாப்புச் செயலாளரின் வாகனத் தொடர் மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. 2007 மே 28ஆம் திகதி இரத்மலானையில் வீதியோரக் குண்டு வெடித்தது. வழியில் போன சாதாரண சனங்களும் அதில் செத்தார்கள். வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானை பஸ்ஸில் கொஞ்ச நேரத் தூரம். குண்டு வைக்க வருகிறவர்கள் லொட்ஜில் தங்குகிறார்கள் என்பது பொலிஸாரின் வாதம். தங்கியிருக்கவும் கூடும். அப்படியானால் செய்ய வேண்டியது தேடுவதும், சந்தேகம் இருப்பவரைப் பிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவதும். ஒரு சமூகத்தின் கட்டில்களை எண்ணி வெறுமையாக்குவது தேடுதலாகாது.

ஜூன் தொடக்கத்தில் பொலிஸ்மா அதிபரின் அறிவிப்பு வந்தது. தகுந்த காரணமில்லாமல் கொழும்பில் தங்கியிருப்பவர்கள் ஊருக்கு அனுப்பப்படுவார்கள், வாகன வசதியைப் பொலிஸாரே செய்து கொடுப்பார்கள் என்பது அதன் சாரம். செய்தியை எழுதிக் கொடுத்துவிட்டுத் தலைப்பைப் பற்றி மேசையில் வாதாடினோம். இது வெருட்டல்தான், நடக்காது என்று மூத்தவர்கள் சொன்னார்கள். ஏழாம் திகதி விடியமுன் அலுவலகத் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

"தம்பி, பேப்பர் ஒஃபீஸா? எங்களை பஸ்ஸிலை ஏத்துறாங்கள். எந்த ஊருக்கெண்டு சொல்லேல்லை. என்ரை மருந்து அறைக்குள்ளை கிடக்கு."

"அம்மா, நீங்கள் எந்த லொட்ஜ்?"

"பேர் தெரியாது தம்பி. றோட்டுக்குப் பக்கத்திலை. கடல் பக்கம்."

அந்த அழைப்பு அதோடு அறுந்தது. அதன் பிறகு வந்தவை எல்லாம் ஒரே மாதிரி. கதவைத் தட்டினார்கள், அரை மணித்தியாலத்துக்குள் சாமானைக் கட்டச் சொன்னார்கள், ஃபைலைக் காட்டினோம், பார்க்கவில்லை. அன்று மாலை பொலிஸ் தரப்பு எண்ணிக்கையைச் சொன்னது: ஆண்கள் 291, பெண்கள் 85. ஏழு பஸ்கள். வவுனியாவுக்குப் பெரும்பாலானோர், மற்றவர்கள் கிழக்குப் பக்கம். யாழ்ப்பாணத்து ஆட்களையும் வவுனியாவில்தான் இறக்கினார்கள், அதற்கு அப்பால் பாதை இல்லை. ஊருக்கு அனுப்புகிறோம் என்று சொல்லி ஊருக்குப் போக வழியில்லாத இடத்தில் விட்டார்கள்.

மறுநாள், ஜூன் 8ஆம் திகதி, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவை எடுத்த உயர் நீதிமன்றம் வெளியேற்றத்தை நிறுத்தி இடைக்காலத் தடை கொடுத்தது. வவுனியாவில் இருந்தவர்களில் ஒரு பகுதியினர் அதே பஸ்களில் திரும்பி வந்தார்கள். அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார், இது அரசாங்கத்தின் பிழை என்று ஒப்புக்கொண்டார். பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ஷ வருத்தப்படவில்லை. முந்நூறு பேரைப் பிடித்து அடைத்து வைப்பதைவிட வீட்டுக்குப் போங்கள் என்று சொல்வது நல்லதல்லவா என்ற போக்கில் வெளிநாட்டு ஊடகங்களுக்குப் பேட்டி கொடுத்தார். கொழும்பு மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த மனோ கணேசன் லொட்ஜ் லொட்ஜாக ஏறி இறங்கினார். காணாமற்போனோர் பட்டியலோடு அவர் அலைந்த காலமும் அதுதான்.

பிரதமரின் வருத்தத்தை முன்பக்கத்தில் போட்டோம். அதை நம்பினோம். எங்கள் நம்பிக்கை டிசம்பர் வரை தாங்கியது. 2007 நவம்பர் 28ஆம் திகதி நுகேகொடையில் குண்டு வெடித்தது. அதற்கடுத்த நாட்களில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் சுற்றிவளைப்பு. இம்முறை பிடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில். பல நூறு பேரைத் தெற்கே பூஸா முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பொலிஸ் துறையின் தலைவர் மாறவில்லை. நீதிமன்றம் தடுத்தது வெளியேற்றத்தை, பிரதமர் வருந்தியதும் வெளியேற்றத்துக்கு. கைது வேறு கணக்கு என்று வைத்துக்கொண்டார்கள்.

2008இன் நடுப்பகுதியில் விக்டர் பெரேரா ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற கையோடு ஆளுநர் நியமனம். வட மாகாணம் என்று தனியாக ஒன்று அப்போதுதான் மீண்டும் பிறந்திருந்தது. வடக்குக் கிழக்கு இணைப்புச் செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2007 ஜனவரி முதலாம் திகதி இரண்டு மாகாணங்களாகப் பிரிந்தன. கிழக்கின் ஆளுநராக இருந்த றியர் அட்மிரல் மொஹான் விஜேவிக்கிரம வடக்கையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின் வந்த பொலிஸ்மா அதிபர் அதிக காலம் அந்தப் பதவியில் இருக்கவில்லை. அதன் பிறகு டிக்சன் தேல பதில் ஆளுநராகப் பார்த்தார், 2009 ஜூலையில் மேஜர் ஜெனரல் ஜி. ஏ. சந்திரசிறி வந்தார், 2015 ஜனவரி வரை இருந்தார். கடற்படை, பொலிஸ், தரைப்படை. யாழ்ப்பாணப் படைகளின் தளபதியாக இருந்தவரே யாழ்ப்பாணத்து ஆளுநர். வடக்குக் கிழக்குக்கு முதன்முதல் 1988இல் வந்த ஆளுநரும் ஓய்வுபெற்ற இராணுவத் தளபதி நளின் செனவிரத்னதான் என்பதை நினைத்தால், இது தற்செயல் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

வட மாகாண ஆளுநருக்கு அந்த நாளில் வடக்கில் கந்தோர்கூட இருக்கவில்லை. மாகாண நிர்வாகம் திருகோணமலை வரோதயநகரில் இருந்து நடந்தது. ஐந்து மாவட்டங்களில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் விடுதலைப் புலிகளின் கையில், மன்னாரில் யுத்தம், யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை இல்லை. கொழும்பில் இருந்து விரட்டப்பட்டவர்களை இறக்கிய வவுனியாவும் அதே மாகாணம்தான். அந்த 376 பேரில் வடக்கைச் சேர்ந்தவர்கள் எல்லோருக்கும், சட்டப்படி, தங்கள் ஊர்ப் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் வீதியும் இனி யாருடைய கையெழுத்தில் நடக்கும் என்று தெரிந்திருந்ததா? நான் தேடிக் கண்டுபிடித்துக் கேட்ட ஓர் அம்மாவுக்குத் தெரியவில்லை. "ஆளுநரெண்டா ஆர் தம்பி, ஜீ.ஏ.யா?" என்று கேட்டார். அரச அதிபரைத்தான் அவருக்குத் தெரியும். அவர் வாழ்நாளில் அரசாங்கம் என்றால் ஜீ.ஏ., கிராம சேவகர், பொலிஸ், ஆமி.

அதே 2008 செப்டெம்பரில் இன்னொரு பதிவு. கடந்த ஐந்து வருடத்துக்குள் வட மாகாணத்திலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் வந்து பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் விடிகாலையிலிருந்தே வரிசை. கைக்குழந்தைகளோடு பெண்கள், சக்கர நாற்காலியில் முதியவர்கள், வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து மாட்டுப்பட்டவர்கள். பதிவு மேசையில் ஒருவர், நீங்கள் வடக்கா என்று கேட்டுவிட்டு ஆம் என்றவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். பொலிஸ் துறையின் தலைமைக்கு வேறொருவர் வந்துவிட்டார். வேலை அதே வேலை.

இந்தக் கதையில் என்னை இன்றைக்கும் அலைக்கழிப்பது சட்டம் சம்பந்தப்பட்ட ஒன்று. 1987 நவம்பரில் நிறைவேறிய 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரத்தை எழுத்தில் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு பிரதிப் பொலிஸ்மா அதிபர், அவர் நியமனத்துக்கு முதலமைச்சரின் இணக்கம், மாகாணப் பொலிஸ் ஆணைக்குழு, மாகாணத்துக்குள் சட்டம் ஒழுங்குக்குப் பொறுப்பு. எல்லாம் அட்டவணையில் வரிவரியாக உண்டு. என் வாக்குமூலத்தை எழுதிய இளைஞரையும் என்னையும் போன்றவர்கள் ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ளும் பொலிஸ் சேவை ஒன்று, குறைந்தபட்சம் வடக்கிலும் கிழக்கிலும், அந்தத் தாளில் இருந்து முளைத்திருக்கலாம். எந்த ஜனாதிபதியும் அதை நடைமுறைக்கு விடவில்லை. மாகாணத்துக்குப் பொலிஸைக் கொடுத்தால் நாடு பிரிந்துவிடும் என்றார்கள். அதே அரசியலமைப்பின் கீழ், அதே மாகாணத்துக்கு நாட்டின் பொலிஸ் தலைவராக இருந்தவரையே ஆளுநராக அனுப்ப யாருக்கும் தயக்கம் வரவில்லை. பொலிஸ் அதிகாரம் மாகாணத்துக்குப் போகவில்லை, பொலிஸ்மா அதிபர் போனார்.

ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி. ஐந்து வருடப் பதவி, ஜனாதிபதி விரும்பும்வரை. மாகாண சபை இல்லாத காலத்தில் மாகாணத்தின் நிறைவேற்று அதிகாரம் முழுவதும் அந்த ஒருவர் கையில். 2008இல் வடக்கில் சபை இல்லை. விக்டர் பெரேராவிடம் கேள்வி கேட்கத் தெரிவுசெய்யப்பட்ட ஒரே ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை.

பொலிஸ் அதிகாரி அரசியலுக்கு வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அக்கரையில் பாருங்கள். கர்நாடகத்தில் ஐ.பி.எஸ். அதிகாரியாக இருந்த கரூர்க்காரர் அண்ணாமலை 2019இல் வேலையை விட்டார், அடுத்த வருடம் பாரதிய ஜனதாவில் சேர்ந்தார், பிறகு அதன் தமிழ்நாட்டுத் தலைவரானார். 2021இல் அரவக்குறிச்சியில் நின்று தோற்றார், 2024இல் கோயம்புத்தூரில் நின்று தோற்றார். அவர் கொள்கையோடு எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் காக்கியைக் கழற்றிவிட்டு வீதிக்கு வீதி போய்க் கைகூப்பி வாக்குக் கேட்டார், சனம் மாட்டோம் என்றது, கதை அவ்வளவுதான். கிரண் பேடியின் கதை நம்முடையதற்குக் கொஞ்சம் கிட்ட வருகிறது. 2015 டெல்லித் தேர்தலில் முதலமைச்சர் வேட்பாளராக நின்று சொந்தத் தொகுதியிலேயே தோற்றவரை 2016இல் புதுச்சேரிக்குத் துணைநிலை ஆளுநராக அனுப்பினார்கள். அங்கே தெரிவான முதலமைச்சர் நாராயணசாமி அவருக்கு எதிராக வீதியில் உட்கார வேண்டியிருந்தது. 2021இல் தமிழ்நாட்டுக்கு ஆளுநராக வந்த ஆர். என். ரவியும் பழைய ஐ.பி.எஸ்.தான். சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை அவர் நிறுத்தி வைத்தது சட்டவிரோதம் என்று 2025 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. உத்தரவு கொடுத்தே பழகிய மனிதரை, வாக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாத கதிரையில் உட்காரவைத்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கடலின் இரு கரையிலும் சாட்சி இருக்கிறது. அங்கே எதிர்க்க ஒரு சட்டமன்றமாவது இருந்தது.

கொட்டாஞ்சேனைக்கு வருகிறேன். நான் குடியிருந்த பக்கம் அது, அதன் காயம் வேறு. 2008, 2009 காலத்தில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்டார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். பணம் பறிப்பதற்காகக் கடத்தப்பட்டார்கள், திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் 'கன்சைட்' எனப்பட்ட இடத்திலும் வைக்கப்பட்டிருந்தார்கள் என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் விசாரணை சொன்னது. யாரும் திரும்பி வரவில்லை. அந்தத் தாய்மாரில் சிலரை எனக்கு முகம் தெரியும். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு வந்து, மகனின் படத்தைப் பீடத்தின் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தபடி நிற்பார்கள். அதே கோயிலில் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி குண்டு வெடித்தபோது, பொலிஸ் தலைமைக்கு முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தும் ஒன்றும் செய்யவில்லை என்று பின்னால் தெரியவந்தது. லொட்ஜ்களில் புற்றுநோய்க்காரரிடம் காரணம் கேட்ட துறை அது.

அந்தக் கடத்தல் வழக்கில் முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவின் பெயர் சந்தேகநபராகச் சேர்ந்தது. அவர் மறுத்தார். 2009இல் தன் கீழிருந்த ஓர் அதிகாரி மீது முதலில் முறைப்பாடு கொடுத்தவரும் அவரே என்பதையும் சொல்ல வேண்டும். 2021இல் அவருக்கு எதிரான வழக்கைக் கொண்டு நடத்தப் போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு அறிவித்தது. அதே வருடம் டிசம்பரில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவரை வடமேல் மாகாண ஆளுநராக்கினார். 2023 ஏப்ரலில், அவர் ஆளுநராக இருக்கும்போதே, அமெரிக்கா தன் நாட்டுக்குள் வர அவருக்குத் தடை போட்டது. ஒரு மனிதர் குற்றவாளியா இல்லையா என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டும். நீதிமன்றம் சொல்ல இடமில்லாமல் போன இடத்தில் ஆளுநர் நியமனம் வந்து நின்றது. 2008இல் பார்த்ததை 2021இல் திரும்பப் பார்த்தேன். இம்முறை செய்தி மேசையில் நான் இல்லை, கைத்தொலைபேசியில் வாசித்தேன்.

அதே வழக்கை விசாரித்த பொலிஸார் வேறு விதமாக அரசியலுக்குள் வந்தார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களப் பணிப்பாளராக இருந்த ஷானி அபேசேகர 2019 நவம்பரில், கோட்டாபய பதவிக்கு வந்த கையோடு, இடம் மாற்றப்பட்டார். 2020 ஜூலையில் கைதானார், அடுத்த வருடம் ஜூனில் பிணையில் வெளியே வந்தார். அவருக்குக் கீழ் இருந்த அதிகாரி நிஷாந்த சில்வா சுவிட்சர்லாந்துக்கு ஓடினார். ஓய்வுக்குப் பின் ஷானியும், அவருக்கு மேலதிகாரியாக இருந்த ரவி செனவிரத்னவும் தேசிய மக்கள் சக்தியின் ஓய்வுபெற்ற பொலிஸார் கூட்டமைப்பில் சேர்ந்து மேடை ஏறினார்கள். 2024இல் ஆட்சி மாறியது. ரவி செனவிரத்ன பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சின் செயலாளர், ஷானி அபேசேகர 2025இல் மீண்டும் அதே திணைக்களத்தின் பணிப்பாளர். கொட்டாஞ்சேனைத் தாய்மார் நம்பிய ஒரு சில பொலிஸாரில் ஒருவர் ஷானி. அவர் திரும்பி வந்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனாலும் ஒரு கட்சி மேடையில் நின்றவர் விசாரணைத் திணைக்களத்துக்குத் தலைவராவது நல்ல வழக்கமல்ல. எங்களுக்கு விருப்பமானவர் என்பதற்காக அதை நான் வேறு தராசில் நிறுக்க முடியாது. நாளைக்கு வேறொரு கட்சி வேறொரு பொலிஸாரை அதே கதவால் கூட்டிவரும்.

வடக்கில் 2013 செப்டெம்பர் 21ஆம் திகதிதான் முதல் மாகாண சபைத் தேர்தல் நடந்தது. கொழும்பில் பிறந்து, உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்து ஓய்வு பெற்ற சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். 38 ஆசனத்தில் 30 ஆசனம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு. எதிர்க் கதிரையில் ஆளுநராக மேஜர் ஜெனரல் சந்திரசிறி. பிரதம செயலாளரோடான இழுபறியே வழக்குவரை போனது. பொலிஸ் அதிகாரத்தை விக்னேஸ்வரன் கேட்டுக்கொண்டே இருந்தார், கிடைக்கவில்லை. 2018 ஒக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் வைக்கவில்லை. நான்கு ஜனாதிபதிகளைக் கண்டுவிட்டோம், மாகாண சபைத் தேர்தல் சட்டம் பற்றிய பேச்சு மட்டும் நடக்கிறது. இப்போதைய ஆளுநர் நா. வேதநாயகன், யாழ்ப்பாணத்தில் அரச அதிபராக இருந்தவர். தமிழர், சிவில் நிர்வாகி, சனத்தோடு கதைக்கத் தெரிந்தவர். அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இப்போது ஆமென்று பதில் சொல்லலாம், ஜீ.ஏ.தான் ஆளுநர். மனிதர் மாறியிருக்கிறார், நல்ல மாற்றம். ஆனால் அவரை வைத்ததும் ஒரு கையெழுத்து, எடுப்பதும் ஒரு கையெழுத்து. 2008இல் இருந்த அதே ஏற்பாடு.

வெள்ளவத்தை இன்று தொடர்மாடிகளின் ஊர். லொட்ஜ் இருந்த ஒழுங்கைகளில் ஒன்பது பத்து மாடி, கீழே கார் நிறுத்துமிடம், மேலே லண்டன்காரர் வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் வீடுகள். 57ஆம் ஒழுங்கையில் தமிழ்ச் சங்கத்தில் கூட்டம் முடிந்து இரவு பத்து மணிக்கு இளைஞர்கள் சிரித்துக்கொண்டு நடந்து போகிறார்கள். பையில் கடதாசி இல்லை. பெயருக்கு அடையாள அட்டை இருக்கிறது, அதுவும் சில பேருக்கு வீட்டில். அதைப் பார்க்க எனக்கு ஆறுதல். 2007இல் அவர்களில் சிலர் பிறந்திருக்கவே மாட்டார்கள். வட மாகாணத்தின் ஆளுநர்கள் யார் யார் என்று அரசியல் படிக்கும் ஒரு பிள்ளை போன மாதம் என்னிடம் கேட்டாள். பட்டியலில் விக்டர் பெரேரா என்ற பெயருக்கு நேரே 2008 என்று மட்டும் எழுதி வைத்திருந்தாள். அந்த வருடத்துக்கு முன்னால் 2007 ஜூன் 7 என்று எழுதச் சொன்னேன். பக்கத்தில் 376 என்றும்.

"அது என்ன மாமா, வாக்கு எண்ணிக்கையா?" என்று கேட்டாள்.

இல்லை பிள்ளை என்று சொல்லி, லொட்ஜ் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினேன்.